வியத்தமிழத்தல்: உயர்தர உயிரியல் விடைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் வேலிக்கு ஊன்றிய முருங்கைத் தடி வேர்விடுவதைப் பார்க்காத பிள்ளை இருக்காது. அப்படியிருந்தும் ‘வியத்தமிழத்தல்’, அதாவது ஒரு தொழிலுக்கெனச் சிறத்தலடைந்த கலம் அந்தச் சிறப்பை இழந்து மீண்டும் பிரியும் நிலைக்குத் திரும்புவது, என்றதும் பலர் தடுமாறுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் தாய்த்தவறு ஒன்று உண்டு: சிறத்தலடைந்த கலம் தேவையற்ற பரம்பரையலகுகளை (ஜீன்களை) இழந்துவிட்டது, வியத்தமிழக்கும்போது அவற்றைத் திரும்பப் பெறுகிறது என்று எழுதுவது. அநேகமான கலங்களில் எதுவும் இழக்கப்படுவதில்லை. எவை தொழிற்படுகின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்பதுதான் மாறுகிறது. 1958இல் தாவரவியலாளர் ஸ்டூவர்ட் கரட்டின் முதிர்ந்த உரியக் (உணவு கடத்தும் இழையக்) கலங்களை வளர்த்து முழுத் தாவரத்தையே பெற்றார். பரம்பரையலகுகள் தொலைந்திருந்தால் அது நடக்குமா?

இரண்டாவது, பிரிவடையும் கலத்தையெல்லாம் உதாரணமாக எழுதுவது. முருங்கைத் தடியின் வெட்டுவாயைக் கிட்டப் பாருங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே வெளிறிய திரள் ஒன்று புடைத்திருக்கும். அங்குள்ள மாறிழையம் முன்பே பிரியும் தன்மையுடையது. அது பிரிந்தால் வியத்தமிழத்தல் ஆகாது. பக்கத்தில் பிரிவை நிறுத்தியிருந்த புடைக்கலவிழையக் (மெல்லிய சுவருள்ள சாதாரண உயிருள்ள இழையத்தின்) கலம் மீண்டும் பிரியத் தொடங்கினால், அதுதான் வியத்தமிழத்தல். பின்னர் அந்தத் திரளில் காழும் (நீர் கடத்தும் இழையமும்) உரியமும் உருவாவது மீள்வியத்தம், அதாவது மீண்டும் சிறத்தலடைவது. இந்த இரண்டு படிகளையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். பாதுகாப்பான உதாரணம் வேண்டுமென்றால், இருவித்திலைத் தண்டின் கலன்கட்டிடை மாறிழையம் உருவாவதை எழுதுங்கள்; அது கலன்கட்டுகளுக்கு இடையிலுள்ள புடைக்கலவிழையக் கலங்கள் மீண்டும் பிரியும் தன்மை பெறுவதால் தோன்றுவது.

எல்லாக் கலமும் இதைச் செய்யும் என்பதும் பிழை. முதிர்ந்த காழ்க்கலன் இறந்த கலம். உரியத்தின் நெய்யரிக்குழாய் மூலகத்துக்கும் நமது செங்குழியத்துக்கும் கரு இல்லை. உயிரும் கருவும் இல்லாமல் திரும்பிப் போக வழியில்லை.

விலங்குகளுக்கு வந்தால் உடனே பல்லி வாலை எழுதிவிடுகிறார்கள். புதுவாலின் கலங்கள் வியத்தமிழத்தலால்தான் வந்தவையா என்பது உறுதியில்லை. நிச்சயமான உதாரணமாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வரிக்குதிரை மீனின் இதயத்தில் ஒரு துண்டை வெட்டினால், எஞ்சிய இதயத்தசைக் கலங்கள் சுருங்கும் அமைப்பை ஓரளவு குலைத்துக்கொண்டு பிரிந்து குறையை நிரப்புகின்றன. இதை எழுதுங்கள். கவனியுங்கள், அவை இதயத்தசைக் கலங்களாகவே மீள்கின்றன. முளையநிலை வரை போவதில்லை.

ஜப்பானிய ஆய்வாளர் யமனாக்கா 2006இல் சுண்டெலியின் நாரரும்பர்க் (தொடுப்பிழையக்) கலங்களில் நான்கு பரம்பரையலகுகளைப் புகுத்திப் பன்மைத்திறன் கலங்களை, அதாவது உடலின் பலவகைக் கலங்களாகவும் மாறக்கூடிய கலங்களை, பெற்றது ஆய்வுகூடச் செயல். உயிருள்ள உடலில் இயல்பாக நடப்பதற்கு உதாரணம் கேட்டால் அதை எழுத வேண்டாம்.