பருப்பு அவியுமுன் தக்காளியைப் போடாதீர்கள்

கலியாணம் முடித்து மட்டக்களப்பு கல்லடிக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மரக்கறிச் சாப்பாடு. பருப்பு, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், மஞ்சள், நன்றாகப் பழுத்த தக்காளி மூன்று என்று எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். அரை மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தால் தக்காளி கரைந்திருந்தது, பருப்பு கரையவில்லை. விரலால் நசித்தால் நடுவில் குறுணியாக நின்றது. மாமி வந்து அகப்பையால் ஒரு தரம் கிளறிப் பார்த்தார். "புளியப் போட்டுட்டுப் பருப்ப அவிக்கிறாய் மகள், அது எப்பிடி அவியும்?" என்று கேட்டார்.

அதுவரை தக்காளியை நான் ஒரு மரக்கறியாகத்தான் நினைத்திருந்தேன். மாமிக்கு அது பழப்புளியோடும் தேசிக்காயோடும் சேர்த்து எண்ண வேண்டிய ஒன்று. அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கிய பிறகுதான் என் சமையலில் தக்காளி ஒழுங்காக நடந்துகொண்டது. ஒரு தக்காளியில் 100இல் 94 பங்கு அளவுக்குத் தண்ணீர். மிச்சத்தில் புளிப்பும் கொஞ்சம் இனிப்பும். வீட்டில் தக்காளியால் கறி கெட்டுப்போகும் நேரங்களில் ஒன்றில் அந்தத் தண்ணீரை மறந்திருப்போம், இல்லாவிட்டால் அந்தப் புளிப்பை மறந்திருப்போம்.

பருப்பு ஏன் அவியவில்லை என்றால், பருப்பு, கடலை, கிழங்கு எல்லாவற்றையும் உள்ளே இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வெறும் கொதிநீரில் அது மெல்ல மெல்லக் கரைந்து விட்டுக்கொடுக்கும். நீரில் புளிப்பு சேர்ந்தால் கரைய மறுக்கும். அதனால் பருப்பை முதலில் மஞ்சளும் உள்ளியும் மட்டும் போட்டுக் குழைய அவித்துவிட்டு, அப்புறம் தக்காளியைச் சேருங்கள். ஊறவைத்த கொண்டைக்கடலைக்கு இது இன்னும் முக்கியம். கடலை இரண்டு விரலுக்குள் நசியும் பதம் வருமுன் தக்காளி போட்டால் கேஸ் வீணாகும், கடலையும் கல்லாகவே கிடக்கும். உருளைக்கிழங்குக் கறியும் அப்படித்தான். கிழங்கு முக்கால் பதம் வந்த பிறகு தக்காளி. ஒரு நன்மையும் இதில் உண்டு. கிழங்கு கரைந்து களியாகாமல் துண்டு துண்டாக நிற்க வேண்டும் என்றால், பதம் வந்ததும் தக்காளியைச் சேர்த்தால் போதும், அந்த உருவத்திலேயே நிற்கும்.

வெங்காயத்துக்கும் இதே கதைதான், ஆனால் இங்கே தண்ணீரும் சேர்ந்து கெடுக்கிறது. தாச்சியில் எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வெங்காயம் போட்டு ஒரு நிமிடம்கூட ஆகாது, அவசரத்தில் தக்காளியைக் கொட்டிவிடுவோம். அந்த நொடியோடு வெங்காயம் வதங்குவது நின்றுவிடும். தக்காளியின் நீர் எண்ணெயின் சூட்டை இறக்கிவிடும், வெங்காயம் பொன்னிறமாகாது. புளிப்பு அதை மெத்தென்று ஆகவும் விடாது. கறி இறக்கும்போது வெங்காயம் வெள்ளையாக, நறுக்கென்று பல்லில் படும். வெங்காயத்தின் ஓரம் சிவக்கும்வரை பொறுத்திருங்கள். சின்ன வெங்காயம் என்றால் ஐந்து நிமிடம், பெரிய வெங்காயம் என்றால் எட்டுப் பத்து நிமிடம் பிடிக்கும். கறியின் ருசியில் பாதி இந்தப் பொறுமையில் வருகிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

வெங்காயம் சிவந்த பின் தக்காளியைப் போடும்போது உப்பையும் சேர்த்துப் போடுங்கள். உப்பு தக்காளிக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும், சீக்கிரம் குழையும். இங்கே பலர் ஒரு கை தண்ணீர் தெளிப்பார்கள். வேண்டாம், தக்காளியே தண்ணீர்தானே. முதல் நாலைந்து நிமிடம் மூடி வைத்தால் தன் நீரிலேயே அவிந்து உடையும். அப்புறம் மூடியைத் திறந்துவிட வேண்டும். திறக்காமல் விட்டால் ஆவி மூடியில் பட்டுத் திரும்பச் சட்டிக்குள்ளேயே விழுந்துகொண்டிருக்கும், பச்சை வாசம் போகாது. திறந்து கிளறிக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் கூழ் ஒன்றுதிரண்டு, ஓரத்தில் எண்ணெய் தனியாகக் கசியும். அதுதான் அடையாளம். மிளகாய்த்தூள், கறித்தூள் போட வேண்டிய இடமும் அதற்குச் சற்று முன்தான். தக்காளி குழைந்து ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது தூளைப் போட்டு இரண்டு நிமிடம் கிளறினால் தூளும் கருகாது, பச்சை மணமும் போய்விடும். காய்ந்த எண்ணெயில் நேராகத் தூளைக் கொட்டினால் ஒரு மூச்சு விடும் நேரத்தில் கருகிக் கசந்துவிடும்.

சரி, இனி தேங்காய்ப்பால். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தக்காளி அதிகமாகச் சந்திப்பது தேங்காய்ப்பாலைத்தான், ஆகவே மனம் அதிகம் நொந்துபோகும் இடமும் இதுதான். இடியப்பத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள், சொதி திரைந்து போய் மேலே தண்ணீரும் கீழே துருவல் மாதிரித் திட்டுத் திட்டாகவும் நிற்கிறது என்றால் அந்த வேதனை சமைத்தவருக்குத்தான் தெரியும். தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் மிதக்கும் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள். அவற்றை ஒன்றோடொன்று சேரவிடாமல் சுற்றி நிற்பது பாலில் இருக்கும் புரதம். புளிப்பும் கடும் கொதியும் ஒன்றாக வந்தால் அந்தப் புரதம் சுருண்டு திரள்கிறது, எண்ணெய் பிரிந்து போகிறது. இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் பால் ஓரளவு தாங்கும்.

அதனால் சொதிக்குத் தக்காளியை இரண்டாம் பாலில் அவிய விடுங்கள். வெங்காயம், கொச்சிக்காய், மஞ்சள், கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை, ரம்பைத் துண்டு எல்லாம் அந்தத் தண்ணிப் பாலிலேயே அவிந்து தக்காளி மெத்தென்று ஆகட்டும். நெருப்பை நன்றாகக் குறைத்துவிட்டுத்தான் முதற்பாலை விட வேண்டும். விட்ட பின் அகப்பையால் அள்ளி அள்ளி ஆற்றிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டி, ஆவி பறந்து, கொதி வரப்போகிறது என்று தெரிந்த உடனே இறக்கிவிட வேண்டும். தேசிக்காய் பிழிவது இறக்கிச் சூடு கொஞ்சம் ஆறிய பிறகு. தக்காளி புளிப்பாக இருந்தால் தேசிக்காயே தேவைப்படாது, முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். முதற்பாலைப் பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு விடுவதும் திரையக் காரணமாகும். இவ்வளவு பார்த்தும் திரைந்துவிட்டால் கொட்ட வேண்டாம். பார்வைக்குத்தான் குறை, சாப்பிடுவதற்கு ஒன்றும் இல்லை.

மீன் குழம்பில் புளிப்பைக் கணக்குப் பார்க்காமல் விடுவது இன்னொரு தவறு. தக்காளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த பழம். அது வருவதற்கு முன்பே நம் குழம்புகளுக்குப் பழப்புளியும் கொறுக்காப்புளியும் இருந்தன. பழைய அளவுப் புளியை அப்படியே கரைத்து விட்டு, மேலே இரண்டு தக்காளியும் போட்டால் குழம்பு பல் கூசும். இரண்டு தக்காளி போட்டால் புளியைப் பாதியாகக் குறையுங்கள். என் எண்ணத்தைக் கேட்டால், சூரை போன்ற கடும் வாசமுள்ள மீனுக்குப் பழப்புளியே சரி. தக்காளி பொருந்துவது பாரைக்கும் கணவாய்க்கும், எல்லாவற்றுக்கும் மேலாக வாவி இறாலுக்கும். இறாலின் இனிப்பும் தக்காளியின் புளிப்பும் அப்படிச் சேரும். ஆனால் தக்காளி நன்றாகக் குழைந்து எண்ணெய் கசிந்த பின்தான் இறாலைப் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், தக்காளியின் பச்சை வாசம் போகும் நேரத்துக்குள் இறால் றப்பராகிவிடும். இறால் அவிய மூன்று நாலு நிமிடம் போதும், சுருண்டு சிவந்ததும் இறக்கலாம். ரின் மீனும் அப்படியே. அது ஏற்கெனவே அவிந்த மீன். தக்காளித் தொக்கு தயாரான பின் கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போட்டு, கிளறாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் துண்டு உடையாது. ரின்னுக்குள் இருக்கும் நீரில் உப்பு உண்டு, குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

சட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தக்காளிக் கறிக்கு மண்சட்டி மிக நல்லது, எவர்சில்வரும் நல்லது. அலுமினியச் சட்டியில் தக்காளியை நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், கறியில் ஓர் உலோக வாடை வரும். மிஞ்சிய கறியை அந்தச் சட்டியிலேயே இரவு முழுக்க வைப்பது அதைவிடப் பிழை. சாப்பாடு முடிந்ததும் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

விதையை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்கிறார்கள். கறிக்கு எடுக்கக் கூடாது. விதையைச் சுற்றி வழுவழுப்பாக இருக்கிறதே, அதில்தான் தசையைவிட அதிகமாக குளூட்டமேட் இருக்கிறது. கறிக்கு அந்தக் கனமான, நாக்கில் நிற்கும் ருசியைக் கொடுப்பது அதுதான். அதை வழித்து எறிந்துவிட்டுச் சூப் கட்டி போடுவது வீண் செலவு. முட்டைப் பொரியலுக்கும் பாணுக்குள் வைப்பதற்கும் மட்டும் விதையை எடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஊறிப் பொரியல் கிழிந்துவிடும், பாண் ஊறிவிடும். தக்காளி சம்பலுக்கு உப்பும் தேசிக்காயும் சாப்பிட உட்காரும் நேரத்தில் சேர்த்தால் போதும்.

தோல் கறியில் சுருண்டு மிதப்பது பிடிக்காதவர்கள், தக்காளியைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கரட் துருவும் துருவியில் தேய்த்துப் பாருங்கள். கூழ் கீழே விழும், தோல் கையில் நிற்கும். பிள்ளைகளுக்குச் சோறு குழைத்துக் கொடுக்க இது மிகவும் உதவும்.

தக்காளி இல்லாத நாளில் சோஸ் ஊற்றுவது நல்ல யோசனை இல்லை. அதில் சீனியும் வினாகிரியும் உப்பும் கலந்திருக்கின்றன. கறி இனிக்கும், அந்த இனிப்பை மறைக்க மேலும் தூள் போடுவோம், அது இன்னொரு பக்கம் இழுக்கும். பழப்புளியோ தேசிக்காயோ போட்டு வேறு கறியாக வைத்துவிடுவது மேல்.

வாங்கும்போதும் வைக்கும்போதும் நடக்கும் தவறுகள் சமையலில்தான் தெரியவரும். தம்புள்ளையிலிருந்து லொறியில் நம் சந்தைகளுக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி நசியாமல் இருக்க அரைப்பழமாகப் பறித்தது. வீட்டுக்கு வந்த உடனே அதைப் பிரிட்ஜுக்குள் தள்ளினால் அதன் பழுப்பு நின்றுவிடும். ஏறக்குறைய 12 பாகை செல்சியசுக்குக் கீழே தக்காளிக்கு வாசம் சேராது, தசையும் மாவுத்தன்மையாகிவிடும். பெரும்பாலான பிரிட்ஜ்கள் 4 பாகை அளவில் ஓடுபவை. ஆகவே பழுக்கும்வரை குசினியில் நிழலான இடத்தில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி வையுங்கள். காம்பு கழன்ற வடு வழியாகத்தான் ஈரம் வெளியேறும், பூஞ்சணமும் நுழையும். முழுதாகப் பழுத்து, இனித் தாங்காது என்றால் இரண்டு மூன்று நாளுக்குப் பிரிட்ஜில் வைக்கலாம்.

வெயிலில் வைத்தால் சீக்கிரம் சிவக்கும் என்று ஜன்னலில் அடுக்குகிறோம். தக்காளிக்கு வெயில் தேவை இல்லை. 30 பாகைக்கு மேல் சூடு போனால் சிவப்பு நிறம் சரியாக உண்டாகாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தக்காளி மஞ்சளும் செம்மஞ்சளுமாகவே கனிந்து மெத்தென்று ஆவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நாட்களில் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு கடதாசிப் பையில் போட்டு, வீட்டில் குளிர்ந்த மூலையில் வைப்பதுதான் வழி. வாழைப்பழம் விடும் எதிலீன் வாயு தக்காளியைப் பழுக்க வைக்கும். மாரியில் வேறு பிரச்சினை. கழுவிய ஈரத்தோடு கூடையில் போட்டால் இரண்டு நாளில் அழுகத் தொடங்கும், சமைக்கும்போது மட்டும் கழுவுங்கள். மழைக்கு வெடித்த பழம் கெட்ட பழம் அல்ல, அதை முதலில் சமைத்துவிட வேண்டும். பூஞ்சணம் பிடித்த பழம் அப்படி அல்ல. மென்மையான பழம் என்பதால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும், அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பாவிப்பது கூடாது.

விலை இறங்கும் காலத்தில் கிலோக்கணக்கில் வாங்கிக் கூழாக்கிப் போத்தலில் அடைத்து, மேசையில் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். காற்றுப் புகாத போத்தலில் நச்சுக் கிருமி வளராமல் தடுக்க புளிப்பைக் காட்டும் பிஎச் என்ற அளவு 4.6க்குக் கீழே இருக்க வேண்டும் (புளிப்பு கூடக் கூட இந்த எண் குறையும்). நன்றாகப் பழுத்த தக்காளி பல நேரங்களில் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. கூழை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக் கட்டிகளாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதற்கும் நேரம் இல்லையா, முழுத் தக்காளியைக் கழுவி, ஈரம் துடைத்து, காம்புப் பகுதியை வெட்டிவிட்டுப் பையில் போட்டு ஃப்ரீசருக்குள் வையுங்கள். கார்த்திகை மழையில் சந்தைக்குப் போக முடியாத நாளில் நாலு பழத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டால் தோல் தானாகக் கழன்று வரும். பச்சையாகச் சாப்பிட அது உதவாது, ஆனால் பருப்பு அவிந்த பிறகு சட்டிக்குள் போட அதைப்போல ஒன்று இல்லை.