பட்டறைக்கு ஒரே மாதிரி டி-ஷர்ட் அடிக்கப் போகிறீர்களா?

எங்கள் லேத் பட்டறையில் 24 பேர். போன ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் அடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் துணி. நாங்கள் நாள் முழுக்க வியர்வையில் நிற்பவர்கள். அதனால் 180 ஜி.எஸ்.எம். காட்டன் எடுத்தேன். ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை என்று அர்த்தம். நிறம் கருநீலம், எண்ணெய்க் கறை தெரியாது.

அளவை 'எல்', 'எக்ஸ்எல்' என்று கேட்டு எழுதாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். அவரவருக்குச் சரியாக இருக்கும் டி-ஷர்ட்டை விரித்து, அக்குளுக்கு அக்குள் டேப் வைத்து அளந்து வரச் சொல்லுங்கள். இதில் சோம்பல் பட்டால் நான்கு பேராவது போட முடியாமல் மடித்து வைத்துவிடுவார்கள்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனிச் செலவு. கருநீலத்தில் வெள்ளை ஒன்றே போதும், பளிச்சென்று இருக்கும். ஐந்தாறு டி-ஷர்ட்தான் என்றால் டி.டி.எஃப். பாருங்கள்; படத்தை ஃபிலிமில் அச்சடித்து, சூடாக அழுத்தித் துணியில் ஒட்டும் முறை அது.

தமிழில் எழுத்து வைப்பவர்கள் கவனியுங்கள். எங்கள் முதல் மாதிரியில் 'தோழர்கள்' என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி வந்தன. அச்சகத்தின் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. ஃபைல் அனுப்பும் முன் எழுத்தைக் கோட்டுருவமாக (எழுத்துரு இல்லாமலே தெரியும் வெறும் வடிவமாக) மாற்றச் சொல்லுங்கள். பி.டி.எஃப். ஒன்றும் கூடவே அனுப்புங்கள்.

அப்புறம், ஒரே ஒரு மாதிரியை அடித்து வாங்கி, இரண்டு முறை துவைத்து, துணி சுருங்குவதையும் மை உரிவதையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். புதிதாகச் சேரும் பையனுக்கும் இருக்கட்டும் என்று இரண்டு கூடுதலாகச் சொல்லிவையுங்கள்.