சிவப்புப் பச்சையரிசியும் நாங்கள் விடும் பிழைகளும்

தைப்பொங்கலுக்கு அரிசி வாங்கக் கிளிநொச்சிச் சந்தைக்குப் போனபோது, வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த அக்காவின் மகளும் கூட வந்தாள். அரிசி மூட்டையில் குத்தியிருந்த மட்டையில் 'சிவப்புப் பச்சையரிசி' என்று எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "சித்தி, இது சிவப்பா பச்சையா?" என்று கேட்டாள். பிள்ளையில் பிழை இல்லை. பச்சை என்றால் நிறம் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான், முதல் பிழையே அதுதான்.

பச்சை, பசுமை, பாசி, பசலை, பைங்கிளியில் வரும் 'பை' எல்லாமே 'பசு' என்ற ஒரு பழைய வேரில் கிளைத்தவை. இலையின் நிறமும் அந்த வேரில் இருக்கிறது, ஈரம் காயாதது, நெருப்புப் படாதது, இளசானது என்ற பொருளும் இருக்கிறது. நெல்லை அவிக்காமல் குத்தினால் பச்சையரிசி, அவித்துக் குத்தினால் புழுங்கல். சிவப்பு, தவிட்டின் நிறம். அதே கணக்கில்தான் காய்ச்சாத பால் பச்சைப்பால், சூளையில் சுடாத கல் பச்சைக்கல், பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு. கன்னடத்திலும் ஹசி என்றால் வேகாதது, ஹசிரு என்றால் பச்சை நிறம். எங்கள் பகரம் அங்கே ஹகரமாகிவிடும். தெலுங்கிலோ இந்த வேர் மஞ்சள் வரைக்கும் போய், சமையல் மஞ்சளுக்கே பசுப்பு என்று பெயர். அதனால் பசும்பொன்னைப் பச்சை நிறப் பொன் என்று விளங்கப்படுத்த வேண்டாம், அது மாற்றுக் குறையாத நல்ல பொன்.

குறளில் இந்தப் பிழை இன்னும் கூடுதலாக வரும். 550ஆம் குறளில் களை எடுக்கச் சொல்லும் 'பைங்கூழ்' குடிக்கிற கூழ் அல்ல, வயலில் நிற்கும் பயிர். மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கீழே வயல் வரம்பில் நின்று பார்த்தவருக்கு அதற்குமேல் உரை தேவையில்லை. 660இல் வரும் 'பசுமட்கலம்' பச்சை நிறப் பானையும் அல்ல. சுடாத பானை. தண்ணீர் ஊற்றினால் பானையும் கரையும், தண்ணீரும் போகும், ஏமாற்றிச் சேர்த்த பொருளும் அப்படித்தான் என்கிறார் வள்ளுவர். நிறத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் உவமையே கைவிட்டுப் போய்விடும்.

சோதனையில் பைங்கிளியைப் பை + கிளி என்று பிரிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பசுமை + கிளி என்றுதான் எழுத வேண்டும். நன்னூல் 136ஆம் சூத்திரப்படி 'மை' விகுதி போய், அடி அகரம் ஐ ஆகும். பைந்தமிழும் அப்படி வந்ததுதான். முதலெழுத்து நீண்டால் பசுமை + இலை பாசிலை ஆகும்.

சரி, பால் தரும் பசு? பசும்புல் மேய்வதால் பசு என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பசு வடமொழியிலிருந்து வந்தது. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்னும்போது உயிரைக் குறிக்கும் பசுவும் அதுவே. மாட்டுக்குப் பழந்தமிழில் ஆ, ஆன், பெற்றம் என்று சொற்கள் இருந்தன.

எனக்கு மனம் பொறுக்காத பிழை பசலையில்தான். பிரிவில் தலைவியின் தோல் இலை மாதிரிப் பச்சையாகிவிடுகிறது என்று வகுப்பிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். மேனி ஒளி குன்றி வெளிறுவது அது. குறுந்தொகை 399இல் பரணர் அதை ஊர்க்கேணிப் பாசியோடு ஒப்பிடுகிறார்: காதலர் தொடும் இடமெல்லாம் பசலை விலகும், கையெடுத்த இடமெல்லாம் பரவும். பசலையும் பாசியும் ஒரே வேர்ச்சொற்கள் என்று தெரிந்து அந்த வரியைப் படித்துப் பாருங்கள். எங்கள் ஊர்க் குளத்துறையில் குடத்தின் அடியால் பாசியை விலக்கித்தான் தண்ணீர் மொள்வோம், குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்புவதற்குள் தெளிந்த இடம் மூடியிருக்கும்.