ஆங்கிலம் மட்டுமே அறிந்த விருந்தினருக்குத் தமிழ் பழக்குவது எப்படி?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் பிறமொழி கற்க வேண்டுமா என்று பாம்பனுக்கு வரும் விருந்தினர் கேட்டால், வாதத்தில் இறங்காமல், விடியற்காலையில் அவரை மீன் ஏலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஆங்கிலம் செல்லாது. முதலில் எண்களையும் விலை கேட்பதையும் பழக்குங்கள். அடுத்து வாலை, வாளை, வாழை ஆகிய மூன்றையும், ‘ல’வுக்கு நாநுனி மேற்பல்லடியைத் தொடும், ‘ள’வுக்கு மடிந்து அண்ணத்தைத் தொடும், ‘ழ’வுக்கு எதையும் தொடாமல் வளைந்து நிற்கும் என்று காட்டி, மீனையும் பழத்தையும் கையில் கொடுத்தே சொல்ல வையுங்கள், இதற்கே ஒரு வாரம் போனாலும் வீணில்லை. வாடை, கொண்டல் முதலிய காற்றுப் பெயர்களை வள்ளத்துக்காரரிடமே கேட்டறியட்டும். அவசரம் வேண்டாம்: அமெரிக்க வெளியுறவுப் பணியாளர் பயிற்சி நிறுவனமே தமிழுக்கு ஏறத்தாழ 44 வாரங்கள், 1,100 வகுப்பு மணி நேரம் கணக்கிடுகிறது. அவர் தடுமாறும்போது, உதவுவதாக எண்ணி நாமே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். அதை மட்டும் செய்யாதீர்கள்.