மூளைக்கட்டி: வீட்டில் நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

பெரியப்பாவுக்கு முதல் ஃபிட்ஸ் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து ஈசிசேரில் சாய்ந்திருந்தபோது. முதலில் இடது கை விரல்கள் வெட்டி வெட்டி இழுத்தன. பிறகு வாயின் இடது ஓரம். அடுத்து உடம்பு முழுக்க. வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம், எட்டுப் பேரும் ஏதாவது செய்தோம். ஒருவர் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். ஒருவர் பல்லுக்கு நடுவே கரண்டிக் காம்பை நுழைக்கப் பார்த்தார். அம்மா சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார். பெரியப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். அந்த நேரத்தில் கையில் சாவி இருந்தால் பெயர் சாவிக்குப் போகிறது. வாயில் எதையும் வைக்கக்கூடாது. பல் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாய்க்குள் போகும். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர்கூட வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ 108. கை சும்மா இருப்பவர் போனில் வீடியோ எடுக்கலாம். எந்தப் பக்கம் முதலில் இழுத்தது என்பது டாக்டருக்கு உபயோகமான தகவல். பெரியவர்களுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஃபிட்ஸ் வந்தால் காரணம் தெரியாமல் விடக்கூடாது, மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

உண்மையில் எங்கள் தவறு ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. கணக்கில் புலியான மனுஷர் ஒரே மாத கரண்ட் பில்லை இரண்டு முறை கட்டினார். தினமும் சவரம் செய்கிறவர் நாலு நாள் தாடியோடு உட்கார்ந்திருந்தார். "ரிடையர் ஆனா அப்படித்தான்" என்றோம். மூளையின் முன்பகுதியில் வளரும் கட்டி வலியாக வராமல் குணமாற்றமாக வருவதுண்டு. சில வீடுகளில் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் பெரிய கட்டி இருப்பவர்களுக்கு இரண்டு ஓரப் பார்வையும் மங்கலாம். கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டே இருக்கும். ஒரு காது மட்டும் கேட்காமல் போவதையும் வயசு என்று தள்ளக்கூடாது.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு தலைவலிக்கும் எம்ஆர்ஐ எடுக்க ஓட வேண்டாம். தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவை கட்டியால் வருவதில்லை. புதிதாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூடுவது, விடியற்காலையில் வாந்தியோடு வருவது, இருமினால் குனிந்தால் அதிகமாவது, கூடவே கை தளர்வதோ பேச்சு குழறுவதோ இரட்டைப் பார்வையோ இருப்பது, இவைதான் தள்ளிப்போடக் கூடாதவை.

அடுத்து "சாதாரணக் கட்டிதான்" என்ற வார்த்தை. மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே புதிதாக எது வளர்ந்தாலும் மூளைதான் இடம் கொடுக்க வேண்டும். மூளையின் உறையில் வளரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் முதல் கிரேடு (கிரேடு என்பது கட்டியின் வீரியத்தைச் சொல்லும் எண்), அதாவது புற்றுநோய் அல்லாதது. ஆனால் பார்வை நரம்பை ஒட்டி வளர்ந்தால் கண்ணைப் பறித்துவிடும். அதே மெனிஞ்சியோமா சிறியதாக, தொந்தரவில்லாத இடத்தில் இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் மட்டும் எடுத்துக் காத்திருப்பார்கள். புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். ஆகவே "சாதாரணமா, கேன்சரா" என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. என்ன வகை, எந்த கிரேடு, எந்த இடம் என்று மூன்றையும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் கட்டியின் மரபணு மாற்றங்களும் சேர்ந்துவிட்டதால், பயாப்ஸி (கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துச் செய்யும் பரிசோதனை) ரிப்போர்ட் முழுமையாக வர நாளாகும். "கத்தி பட்டா பரவிடும்" என்று பயாப்ஸியைத் தடுக்க ஒரு உறவினராவது வருவார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். எது என்று தெரியாமல் எதற்கு மருந்து கொடுப்பது?

பெரியப்பாவுக்கு வந்தது நான்காம் கிரேடு கிளியோபிளாஸ்டோமா, கிளியோமா என்ற மூளைக்கட்டி வகையில் மிக வீரியமான புற்றுநோய், மூளையின் வலப்பக்கம். அறுவை சிகிச்சைக்கு முன்பே டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கினார்கள். எல்லோரும் டெக்ஸா என்பார்கள். இது கட்டியைக் கரைப்பதில்லை. கட்டியைச் சுற்றியுள்ள நீர்வீக்கத்தை வடிக்கிறது. இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். குணமாகிவிட்டது என்றே நினைத்தோம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு டெக்ஸாவின் மறுபக்கம் தெரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் பசிக்கிறது என்று தோசை கேட்பார். முகம் உப்பியது. தொடையில் பலமில்லாமல் கழிவறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சர்க்கரை 340. விவரம் தெரிந்தவர் என்று நாங்கள் நம்பிய ஒருவர், "ஸ்டீராய்டாலதான் இவ்வளவும், உடனே நிறுத்துங்க" என்றார். நிறுத்தினோம். மூன்றாம் நாள் வாந்தி, தலைவலி. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. திரும்ப எமர்ஜென்சி வார்டு.

டியூட்டி டாக்டர் திட்டவில்லை, ஆனால் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். மாத்திரையை வெட்டென்று நிறுத்தினால் வடிந்த வீக்கம் திரும்ப வரும், அது ஒன்று. இன்னொன்று, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், உடம்புக்குள் அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். அது மறுபடி விழித்துக்கொள்ள நாள் ஆகும். அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறார்கள். இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு: பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதக்கணக்கில் அதே அளவை வாங்கிக்கொண்டே இருப்பது. குறைக்கும் தேதிகளைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் போட வேண்டும், வயிற்றுக்கான மாத்திரை கூடவே வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும். இரண்டாவது வேளையை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் ராத்திரித் தோசை அப்படித்தான் நின்றது.

ஃபிட்ஸ் மாத்திரையிலும் இதே கதைதான். "இப்பத்தான் வர்றதில்லையே" என்று விட்டால் வரும். லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும். அதை டாக்டரிடம் சொன்னால் மாற்றுவார், நாமாக நிறுத்தக்கூடாது.

அதிகம் பேசப்படாத ஆபத்து காலில் இருக்கிறது. கிளியோமா நோயாளிகளின் ரத்தம் எளிதில் உறையும், படுக்கை வேறு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்தால் நம் வீடுகளில் முதலில் வருவது எண்ணெய்க் கிண்ணம். தைலம் சூடு பண்ணி அழுத்தித் தேய்த்தால், உள்ளே உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். ஒரு கால் வீக்கமா, அன்றைக்கே ஆஸ்பத்திரி. திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அந்த நிமிடமே.

எங்களுக்குப் புரிய வெகுநாள் பிடித்தது இலை விஷயம். வாழை இலையில் வலப்பக்கம் இருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். இடப்பக்க ஊறுகாயும் அப்பளமும் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை போல என்று பெரியம்மா சமையலையே மாற்றினார். கண்ணில் கோளாறு இல்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்கவில்லை. இலையைச் சுற்றித் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிட்டார். இப்படிப்பட்டவர் வண்டிச் சாவி கேட்டால் கொடுக்கலாமா? ஃபிட்ஸ் வந்தவருக்கு எப்படியும் கூடாது. பாதித் தூக்கத்தில் இருப்பவருக்கு "ஒரு வாய் கஞ்சி" ஊட்டுவதும் அன்பு இல்லை, புரையேறி நிமோனியாவில் முடியும். நிமிர்த்தி உட்காரவைத்து, நன்றாக விழித்த பிறகுதான்.

கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு சிகிச்சை) ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. நல்ல நாள் கெட்ட நாள் பார்த்து நடுவில் விடக்கூடாது. ரத்த அணுக்கள் குறையும் காலம் என்பதால் 100.4 டிகிரி காய்ச்சலுக்கே பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தால் டாக்டர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், கல்லீரல் கெட்டால் யார் காரணம் என்று அவர்களும் தேட வேண்டாம். கரண்ட் முடிந்த முதல் சில மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் கட்டி பெரிதானது போலத் தெரியலாம். சில சமயம் அது சிகிச்சையின் வீக்கம்தான். அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், பழைய சிடி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

கடைசியாக, அவரிடம் மறைத்தது. "நீர்க்கட்டி, எடுத்தாச்சு" என்று நான்கு மாதம் நாடகம் போட்டோம். பேச்சும் நினைவும் தெளிவாக இருக்கும் நாட்களில்தான் நோயாளியால் எதையும் தீர்மானிக்க முடியும்: இன்னும் எவ்வளவு சிகிச்சை, யார் நாமினி, எங்கே கையெழுத்து. அந்த நாட்களை நாங்கள் பொய்யில் செலவழித்தோம். ஒரு சாயங்காலம் பெரியம்மா தாங்கமுடியாமல் அழுதுகொண்டே சொன்னபோது அவர் அதிரவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை முதல் வாரமே படித்துவிட்டாராம்.

"லாக்கர் சாவி எதுன்னு யாராவது கேப்பீங்கன்னு காத்துட்டிருந்தேன்" என்றார். "அன்னிக்கு என் கையில திணிச்சீங்களாமே, அந்தக் கொத்துல சின்னது."