காக்ஸ்-2தான் காரணமா? பெருங்குடல் புற்றுநோய் செல்லில் சோதித்து உறுதிசெய்யும் முறை

காக்ஸ்-2 நொதி அராக்கிடோனிக் அமிலத்தை எடுத்துப் புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பைத் தொடங்கிவைக்கிறது. அதன் முடிவில் உண்டாகும் பிஜிஇ2 என்ற புரோஸ்டாகிளாண்டின் செல்லைவிட்டு வெளியேறி, அதே செல்லின் மேலுள்ள ஈபி2, ஈபி4 ஏற்பிகளில் ஒட்டுகிறது. உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சைகை மூலக்கூறு ஏறுகிறது, வளர்ச்சிச் சைகை பரவுகிறது. காக்ஸ்-2ஐத் தடுக்கும் செலிகாக்சிப் மருந்தைப் போட்டோம், செல் குறைந்தது, ஆகவே வளர்ச்சிக்குக் காக்ஸ்-2தான் காரணம் என்று எழுதினால் அது பாதி வேலைதான், மருந்து வேறு வழியிலும் செல்லைக் குறைத்திருக்கலாம்.

பெருங்குடல் புற்றுநோய்ச் செல்லை இரண்டு வகையாக வாங்குங்கள். ஹெச்டி-29இல் காக்ஸ்-2 உண்டு, ஹெச்சிடி-116இல் கிட்டத்தட்ட இல்லை. இரண்டுக்கும் மெக்காய் 5ஏ என்ற வளர்ப்பு மீடியமும் 10% சீரமும் போதும். புனே செல் வங்கியிலிருந்து காரைக்குடி ஆய்வகத்துக்கு ஃபிளாஸ்கிலேயே உயிரோடு வந்தால் உடனே திறக்காதீர்கள். வழிநெடுக ஆட்டம் கண்டதில் பல செல்கள் பிடிவிட்டு மிதக்கும். ஓரிரவு 37 டிகிரியில் வைத்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

ஆறு குழித் தட்டில் குழிக்கு 3 லட்சம் செல் போட்டு, மறுநாள் 24 மணி நேரம் சீரம் இல்லாமல் வையுங்கள். சீரமே காக்ஸ்-2ஐத் தூண்டும் என்பதால் இந்தப் படியை விடக் கூடாது.

அடுத்து மருந்து. செலிகாக்சிப் 5 முதல் 10 மைக்ரோமோலார் போதும். 50ஐத் தொட்டால் நொதியே இல்லாத ஹெச்சிடி-116உம் சாகும், ஏனென்றால் அந்த அளவில் மருந்து வேறு புரதங்களையும் தாக்குகிறது. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் மொத்தத்தில் 0.1% தாண்டக் கூடாது, மருந்து போடாத கட்டுப்பாட்டுக் குழியிலும் அதே அளவு இருக்க வேண்டும்.

இன்னொரு வரிசைக் குழிகளில் செலிகாக்சிபோடு பிஜிஇ2 1 மைக்ரோமோலார் சேருங்கள், தினமும் புதிதாக. நின்றுபோன வளர்ச்சி திரும்பினால் நொதியின் விளைபொருள்தான் வளர்ச்சியைத் தாங்கியது என்று துணிந்து எழுதலாம். திரும்பாவிட்டால் மருந்து வேறு வழியில் வேலை செய்திருக்கிறது. 24, 48, 72 மணியில் இறந்த செல்லை மட்டும் நிறமேற்றும் டிரிபான் ப்ளூ சாயம் போட்டு உயிருள்ள செல்லை எண்ணுங்கள். எம்டிடி என்ற நிறமாற்றச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், அது காட்டுவது செல்லின் வளர்சிதைமாற்றத்தை, எண்ணிக்கையை அல்ல.

செல்லில் காக்ஸ்-2 புரதம் இருப்பதை ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு 30 மைக்ரோகிராம் புரதம், 10% ஜெல். காக்ஸ்-2 பேண்ட் 72 கிலோடால்டன் அருகே விழும். சர்க்கரை ஒட்டிய அளவைப் பொறுத்து நெருக்கமாக இரண்டு கோடும் தெரியலாம், அது பிழையல்ல. ஹெச்சிடி-116 தடத்தில் அதே இடத்தில் கனமான கோடு வந்தால்தான் ஆன்டிபாடியைச் சந்தேகிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஜெல்லிலிருந்து புரதத்தைச் சவ்வுக்கு மாற்றும் தொட்டி சூடேறி பேண்ட் பரவிவிடும். பனிக்கட்டி உள்ளே இருக்கட்டும், முடிந்தால் குளிர் அறையில் ஓட்டுங்கள். மின்சாரம் போனால் மாற்றம் பாதியில் நிற்கும், யூபிஎஸ் இணைப்பில்லாமல் தொடங்க வேண்டாம்.

சைகையை அளக்க, வளர்ச்சிச் சைகையைக் கடத்தும் ஈஆர்கே புரதத்தை மட்டும் நம்பாதீர்கள். ஹெச்டி-29இல் ஈஆர்கேயைத் தூண்டும் பிராஃப் மரபணு வி600ஈ என்ற மாற்றம் கொண்டது, அதனால் ஈஆர்கே எப்போதுமே ஓடிக்கொண்டிருக்கும், பிஜிஇ2 போட்டாலும் வித்தியாசம் சிறிதாகவே தெரியும். சைக்ளிக் ஏஎம்பியை நேரடியாக அளப்பதே நல்லது. பிஜிஇ2 போடுவதற்கு முன்பே சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும் ஐபிஎம்எக்ஸை 0.5 மில்லிமோலார் அளவில் சேருங்கள், இல்லாவிட்டால் உண்டானது அளப்பதற்குள் சிதைந்துவிடும். 10 முதல் 15 நிமிடத்தில் செல்லைச் சிதைத்து எடுத்துவிடுங்கள்.