மேயர் ஒருவரின் ஆட்சியையும் பேச்சையும் எடைபோடுவது எப்படி: றொப் ஃபோர்ட் ஆண்டுகளை வைத்து ஒரு கையேடு

2010 முதல் 2014 வரை ரொறன்ரோ மாநகரின் மேயராக இருந்த றொப் ஃபோர்ட் காலமானது 2016 மார்ச்சில். ஆனாலும் ரொறன்ரோவில் அவர் பெயரை எடுத்தால் இன்றும் வாக்குவாதம் தொடங்கிவிடும். ஒருவர் அவர் நீக்கிய வரியைச் சொல்வார், இன்னொருவர் போதைப்பொருள் விவகாரத்தைச் சொல்வார். ஆட்சிக்கு ஒரு தாள், பேச்சுக்கு ஒரு தாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேச்சு எங்கே முடிவாக மாறியது என்பதைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் அதிகாரத்தை அளக்க வேண்டும். 2010 முதல் 2014 வரை மாநகரசபையில் 44 உறுப்பினர்களும் மேயரும் இருந்தார்கள். 45 வாக்குகளில் மேயருக்கு ஒன்றுதான், ஒரு முடிவைத் தடுத்து நிறுத்தும் உரிமையும் அப்போது இல்லை. எனவே "ஃபோர்ட் செய்தார்" என்று யார் சொன்னாலும் அந்தத் தீர்மானத்தின் வாக்கெண்ணிக்கையைத் தேடுங்கள். யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயர்வாரியாக மாநகரசபையின் இணையத்தளத்தில் உண்டு. 2012 ஜனவரியில் வரவுசெலவுத் திட்டத்தின் சில சேவை வெட்டுகளை 23-21 என்ற வாக்கில் சபை திருப்பிவிட்டது. அந்தச் சேவைகள் தப்பியதை மேயரின் சாதனையாக எழுத முடியாது. 2013 நவம்பரில் ஒரு கோடு போடுங்கள். நியமன அதிகாரங்களையும், பின்னர் அலுவலக நிதியின் பெரும்பகுதியையும் சபை அவரிடமிருந்து எடுத்து, பணிகளைத் துணைமேயர் நோம் கெலியிடம் கொடுத்தது. அதன் பின் நடந்த நல்லதும் கெட்டதும் வேறு கணக்கு.

அடுத்தது பணம். மக்கள் அதிகம் வழுக்கும் இடம் இதுதான். ஃபோர்ட் ஒரு பில்லியன் டொலர் மிச்சப்படுத்தியதாகச் சொல்லிவந்தார். இப்படிப்பட்ட பெருந்தொகையைக் கேட்டதும் அதை மூன்றாகப் பிரியுங்கள்: உண்மையில் குறைந்த செலவு, மக்களிடம் கூட்டி வாங்கிய கட்டணம், நகரம் கைவிட்ட வருமானம். அவர் பட்டியலில் மூன்றும் கலந்திருந்தன. ஒரு காருக்கு 60 டொலராக இருந்த வாகனப் பதிவு வரியை நீக்கியதில் கார் வைத்திருந்தவருக்கு 60 டொலர் மிச்சம் என்பது உண்மை. நகரத்துக்கோ அது ஆண்டுக்குச் சுமார் 64 மில்லியன் வருமான இழப்பு. அதைச் சிக்கனம் என்ற பெயரில் கூட்டக்கூடாது.

குப்பை அள்ளுதல் வேறு வகை. யங் வீதிக்கு மேற்கே 2012இல் தனியாருக்குக் கொடுத்ததால் ஆண்டுக்குச் சுமார் 11 மில்லியன் குறையும் என்று மதிப்பிடப்பட்டது. இது செலவுக் குறைப்பு. அவருக்குரியதை அவருக்குக் கொடுங்கள். ஆனால் நகரின் மேற்குப் பகுதியான எற்றோபிக்கோவில் அது 1990களிலேயே தனியாரிடம் போய்விட்டது. அந்த மிச்சத்தையும் இவர் தலையில் ஏற்றவேண்டாம். சொத்து வரியிலும் ஒரு வருடத்தோடு நின்றுவிடாதீர்கள். 2011இல் உயர்வே இல்லை, ஆனால் அந்த ஆண்டைச் சமாளிக்க முந்தைய உபரிப் பணம் உதவியது. உபரி ஒருமுறைதான் செலவாகும். 2012இல் வரி 2.5 சதவீதம் கூடியது.

மூன்றாவது, முடிவின் வால் எவ்வளவு நீளம் என்று பார்ப்பது. தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவுக்கு இது நேரடியாகப் பட்ட விஷயம். மாகாண அரசு முழுச் செலவையும் ஏற்றிருந்த ஏழு நிறுத்த இலகு ரயில் திட்டத்தை விட்டு, மூன்று நிறுத்தச் சுரங்க ரயிலைச் சபை 2013 அக்டோபரில் 24-20 என்று தேர்ந்தது. அதற்காக முப்பது ஆண்டுகளுக்கு ஒரு தனிச் சொத்து வரியும் விதிக்கப்பட்டது. 2016இல் நிறுத்தம் ஒன்றாகச் சுருங்கியது, பிறகு மாகாணம் கையேற்று மீண்டும் மூன்றாக்கியது. பழைய ஸ்காபரோ ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டு மூடப்பட்டபோது புதியது தயாராக இல்லை. மக்கள் பேருந்துக்கு மாறினார்கள். சுரங்க ரயிலே வேண்டும் என்று விடாமல் கேட்டவர் ஃபோர்ட். ஆனால் வாக்களித்த உறுப்பினர்களுக்கும், மாகாண அரசுக்கும், பின்னால் வந்த மேயர் ஜோன் ரோறிக்கும் இதில் பங்குண்டு. முழுப் பழியையும் ஒருவர் மேல் போடுவது சோம்பேறித்தனம்.

இனிப் பேச்சு. ஒவ்வொரு கூற்றுக்கும் நான்கு விடயங்களைக் குறியுங்கள்: திகதி, அன்று வகித்த பதவி, முழு வாக்கியம், அதைத் தொடர்ந்து அவர் போட்ட வாக்கு. சைக்கிளோட்டி வாகனத்தில் அடிபட்டு இறந்தால் அது அவர் தவறே என்ற பொருளில் ஃபோர்ட் பேசியது 2007இல், சாதாரண உறுப்பினராக. மேயரானதும் 2011இல் ஜார்விஸ் வீதிச் சைக்கிள் பாதையை நீக்க வாக்களித்தார். 2012இல் அதை அழிக்க ஆன செலவு, போடுவதற்கு ஆனதைவிடப் பல மடங்கு. இங்கே பேச்சும் செயலும் பொருந்துகின்றன, ஆகவே இரண்டு தாளிலும் எழுதலாம். அதே ஆண்டுகளில் நகர மையத்தில் தடுப்பு வைத்த சைக்கிள் பாதைகளுக்கும் சபை அனுமதி கொடுத்தது. அதை விட்டுவிட்டால் உங்கள் கணக்கு சாய்ந்துவிடும். கிழக்காசிய மக்கள் நாய்களைப்போல் உழைப்பவர்கள் என்று 2008இல் சொன்னதைப் பாராட்டு என்றே அவர் நினைத்தார். ஆனாலும் ஓர் இனத்தையே ஒரே அச்சில் வார்க்கும் பேச்சை, நோக்கத்தை மட்டும் வைத்துத் தள்ளுபடி செய்ய முடியாது.

மறுப்புகளில் வினைச்சொல்லின் காலத்தைக் கவனியுங்கள். 2013 மேயில் தான் கிராக் கொக்கெயின் பாவிப்பதில்லை என்று நிகழ்காலத்தில்தான் சொன்னார், முன்பு பாவித்ததுண்டா என்பதற்கு அதில் பதில் இல்லை. நவம்பர் 5ஆம் திகதி, பாவித்ததுண்டு என்று ஒப்புக்கொண்டார். நிகழ்கால மறுப்பு வந்தால் "இதற்கு முன்?" என்று கேட்பதைப் பத்திரிகையாளரும் வாக்காளரும் பழக்கமாக்க வேண்டும்.

நீதிமன்றச் செய்திகளில் முதல் தீர்ப்போடு நின்றுவிடாதீர்கள். 3,150 டொலர் நன்கொடை தொடர்பான நலன்முரண் வழக்கில் (தன் சொந்த நலன் கலந்த விடயத்தில் தானே வாக்களித்தார் என்ற வழக்கு) 2012 நவம்பரில் அவரைப் பதவிநீக்கும் தீர்ப்பு வந்தது. 2013 ஜனவரியில் மேன்முறையீட்டில் அது கவிழ்ந்தது. இரண்டு திகதிகளையும் அருகருகே எழுதுங்கள்.